கடன்சொற்களின் சாட்சியம்: அல்பேனிய மொழியின் பூர்வீகம்

ஐரோப்பிய மொழிகளுள் அல்பேனியத்துக்கு உடன்பிறப்பு என்று சொல்ல இன்று உயிரோடு எந்த மொழியும் இல்லை. ஸ்பானியத்துக்குப் போர்த்துக்கீசியம் உண்டு. ரஷ்ய மொழிக்கு உக்ரைனியம் உண்டு. அல்பேனியா, கொசோவோ, வட மாசிடோனியாவின் மேற்குப் பகுதி, மாண்டினீக்ரோவின் தென் விளிம்பு ஆகிய இடங்களிலும், கிரீஸிலும் தென் இத்தாலியிலும் உள்ள பழைய குடியேற்றங்களிலும் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் அல்பேனியமோ, கிரேக்கத்தையும் ஆர்மீனியத்தையும் போல, இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் தனிக் கிளையாக நிற்கிறது. அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே என்பதை 1854-இல் ஜெர்மானிய மொழியியலாளர் ஃபிரான்ஸ் போப் முறைப்படி நிறுவினார். குடும்பம் தெரிந்துவிட்டது, நேரடி மூதாதை எது என்பதுதான் இன்றுவரை தீராத வழக்கு. ரோமானியர் பால்கனை வெல்வதற்கு முன் அங்கே இல்லிரியம், திராசியம், டாசியம் என்றெல்லாம் நாம் பெயரிட்டு அழைக்கும் மொழிகள் வழங்கின. கிரேக்கம் ஒன்றைத் தவிர மற்றவை யாவும் மறைந்துபோயின. மறைந்ததாகக் கருதப்படும் அவற்றுள் ஒன்று மலைகளுக்குள் உயிர்தப்பி அல்பேனியமாகத் தொடர்கிறது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எது அந்த ஒன்று என்பதில்தான் வேறுபாடு.

இரு பெரிய கட்சிகள் உள்ளன. 1774-இல் யோஹான் துன்மன் அல்பேனியரைப் பண்டைய இல்லிரியரின் வழிவந்தோர் என்றார். போப்பின் ஆய்வு வந்த அதே 1854-இல் ஆஸ்திரியத் தூதர் யோஹான் கியோர்க் ஃபொன் ஹான் வெளியிட்ட 'அல்பேனிய ஆய்வுகள்' அந்தக் கருத்துக்கு வலுச் சேர்த்தது. எதிர்க்கட்சிக்கு வாதத்தை வகுத்துக் கொடுத்தவர் குஸ்டாவ் வைகாண்ட். 1927-இல் அவர் பன்னிரண்டு காரணங்களை அடுக்கி, அல்பேனியம் கிழக்கிலிருந்து வந்த திராசியத்தின் வழித்தோன்றல் என்றார். பின்னர் பல்கேரிய அறிஞர் விளாதிமிர் கியோர்கியெவ் அதை டாசிய-மீசிய மொழியோடு இணைத்தார். இந்த வழக்கு தொடுக்கப்பட்ட விதத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது என்பது என் வாதம். தாய் என்று முன்நிறுத்தப்படும் மொழிகளைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. மகள் என்று சொல்லப்படும் மொழியைப் பற்றித் தெரிந்தது ஏராளம். ஆகவே 'இல்லிரியமா, திராசியமா' என்று கேட்பதை விட, 'இந்த மொழியைப் பேசியவர்கள் எந்தக் காலத்தில், யாருக்கு அண்டை வீட்டாராக இருந்தார்கள்' என்று கேட்பதே பயன் தரும். அந்தக் கேள்விக்கு அல்பேனியம் தன் கடன்சொற்களின் வழியே ஓரளவு தெளிவாகவே விடை சொல்கிறது.

எழுத்துக்கு வர எடுத்த காலம்

சிக்கலின் வேர் அல்பேனியம் மிகத் தாமதமாக எழுதப்பட்டதில் இருக்கிறது. இந்த மொழியின் இருப்பைச் சொல்லும் மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று 1284-ஆம் ஆண்டு துப்ரோவ்னிக் நகரத்து நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது. மலையில் ஒரு குரல் அல்பேனிய மொழியில் கூவியதைக் கேட்டேன் என்று ஒரு சாட்சி சொல்கிறார். அந்தக் குரல் என்ன சொல்லிற்று என்பது எழுதப்படவில்லை. நமக்குக் கிடைத்துள்ள முதல் முழு வாக்கியம் 1462-இல் துர்ரெஸ் பேராயர் பால் எஞ்செல்லி எழுதிய லத்தீன் மடலில் வருகிறது. பாதிரியார் இல்லாத இடத்தில் பெற்றோரே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய ஒற்றை வரி அது. 1490-களின் இறுதியில் ஜெர்மானிய யாத்திரிகர் ஆர்னோல்ட் ஃபொன் ஹார்ஃப், வழியில் உணவும் உறைவிடமும் கேட்க உதவும் சில சொற்களைக் குறித்துவைத்தார். முழு நூல் என்று சொல்லத்தக்கது 1555-இல் கியோன் புசூகு மொழிபெயர்த்த பூசைப் புத்தகம். அதன் ஒரே ஒரு பிரதி வாத்திகன் நூலகத்தில் எஞ்சியிருக்கிறது. கிரேக்கத்துக்கு மூவாயிரம் ஆண்டுகளைத் தாண்டிய எழுத்துச் சான்று உண்டு. அல்பேனியத்துக்கு ஐந்தரை நூற்றாண்டுதான். இடைப்பட்ட காலத்தில் அது எப்படி இருந்தது என்பதை ஒலி மாற்றங்களையும் கடன்சொற்களையும் வைத்துப் பின்னோக்கிக் கணிக்க வேண்டியிருக்கிறது.

தாமதமாக எழுதப்பட்டது என்பதாலேயே அதைத் தாமதமாக வந்து சேர்ந்தவர்களின் மொழி என்று சிலர் முடிவுகட்டினர். இது நிற்காது. எழுத்து என்பது ஆட்சிக்கும் சமயத்துக்கும் தேவைப்பட்டபோது வரும். மலையில் ஆடு மேய்த்தோருக்கு அந்தத் தேவை லத்தீனிலும் கிரேக்கத்திலும் பின்னர் ஸ்லாவியத்திலும் பிறர் கையால் நிறைவேறிவிட்டது. மறுபுறம், கிபி 2-ஆம் நூற்றாண்டில் தாலமி இன்றைய நடு அல்பேனியாவை ஒட்டி 'அல்பனோய்' என்றொரு குடியைக் குறிப்பிட்டிருப்பதைக் காட்டி, மொழியும் அன்றிலிருந்தே அங்கே இருந்தது என்று வாதிடுவோரும் உண்டு. அதுவும் அவசர முடிவே. ஒரு மண்ணின் பெயர் அங்கே குடியேறியவர்களுக்கு ஒட்டிக்கொள்வதும், வந்தவர் பெயர் இருந்தவர்க்கு ஆவதும் வரலாற்றில் சாதாரணம். பிரான்ஸ் என்ற பெயர் ஜெர்மானிய மொழி பேசிய ஃபிராங்குகளுடையது; பேச்சோ லத்தீனின் வழிவந்தது. துருக்கிய மொழி பேசிய பல்கார்களின் பெயரை இன்று ஸ்லாவிய மொழி பேசும் பல்கேரியர் தாங்குகிறார்கள். பெயரின் தொடர்ச்சி மொழியின் தொடர்ச்சிக்குப் பிணை நிற்காது.

இரண்டு மோதிரங்கள்

தாய்மொழிக்கு உரிமை கோரும் இரு தரப்பிலும் சான்று எவ்வளவு மெலிந்தது என்பதை இரண்டு மோதிரங்கள் காட்டிவிடும். வட அல்பேனியாவில் ஷ்கோதர் நகருக்கு அருகே ஒரு பண்டைய புதைகாட்டில் எழுத்துப் பொறித்த மோதிரம் ஒன்று கிடைத்தது. இல்லிரிய மொழியில் அமைந்த ஒரே வாசகம், ஏதோ தெய்வத்துக்கான நேர்ச்சை என்று அறிஞர்கள் அதைக் கொண்டாடினார்கள். பிறகு எழுத்துகளை எதிர்த்திசையில் படித்தபோது உண்மை வெளிப்பட்டது: அது பைசாந்தியக் காலக் கிரேக்கம், ஆண்டவரே அன்னாவுக்கு உதவும் என்ற வேண்டுதல். அந்த ஒற்றைச் சான்றும் போனபின் இல்லிரியத்தில் ஒரு முழு வாக்கியம்கூட இன்று நம்மிடம் இல்லை. இன்னொரு மோதிரம் 1912-இல் பல்கேரியாவின் எசெரோவோ கிராமத்தில் கிடைத்த தங்க மோதிரம். கிரேக்க எழுத்தில் 61 எழுத்துகள், இடைவெளியின்றிப் பொறிக்கப்பட்டவை. திராசிய மொழி என்பதில் ஐயமில்லை. ஆனால் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதிலேயே உடன்பாடு இல்லாததால், ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு உலவுகிறது. ஒரு மோதிரத்தைப் படிக்க முடிந்தது, அது இல்லிரியம் இல்லை என்று தெரிந்தது. மற்றது திராசியம் என்று தெரிந்தது, படிக்க முடியவில்லை.

எனவே இரு தரப்பும் பெரிதும் நம்பியிருப்பது பெயர்களை: ஆட்பெயர், குடிப்பெயர், ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர். கூடவே கிரேக்க, லத்தீன் ஆசிரியர்கள் போகிற போக்கில் குறித்துவைத்த ஒருசில சொற்கள். இல்லிரியத் தரப்பு 'தல்மாத்தியா' என்ற பெயரை ஆட்டைக் குறிக்கும் அல்பேனியச் சொல்லோடும், 'தர்தானியா'வைப் பேரிக்காயைக் குறிக்கும் 'தார்த' என்ற சொல்லோடும், கடலோர 'உல்கினியம்' என்ற ஊரை ஓநாய்க்கான சொல்லோடும் இணைக்கிறது. மூடுபனிக்கு 'ரினோஸ்' என்று இல்லிரியர் சொன்னதாக ஒரு பழைய உரைக்குறிப்பு கூறுவதை அல்பேனியத்தில் மேகத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒப்பிடுகிறது. டாசியத் தரப்பு, மருத்துவ நூல்களில் எஞ்சியுள்ள டாசிய மூலிகைப் பெயர்களுள் ஒன்றான 'மந்தியா'வை அல்பேனியத்தில் முசுக்கட்டைப் பழத்தைக் குறிக்கும் 'மான்' என்பதோடு சேர்க்கிறது. இவற்றுள் சில உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு பெயருக்குப் பொருள் தெரியாதபோது, அதற்கு எந்த மொழியில் பொருள் தேடினாலும் ஏதாவது ஒன்று அகப்படும். அகப்பட்டதைச் சரிபார்க்க நம்மிடம் வேறு அளவுகோல் இல்லை. ஓநாய்க்கான சொல் இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் ஒரே மூலத்திலிருந்து வந்தது. ஓர் ஊருக்கு ஓநாயின் பெயர் இருப்பது அங்கே இந்தோ-ஐரோப்பிய மொழி ஒன்று வழங்கியதைக் காட்டுமே தவிர, எது என்பதைக் காட்டாது.

போதாக்குறைக்கு, 'இல்லிரியம்' என்பது ஒரே மொழிதானா என்பதே கேள்விக்குறி. பிளினி 'முறையாக இல்லிரியர் என்று அழைக்கப்படுவோர்' என்று சிறு குடி ஒன்றையே சுட்டுகிறார். ரோமானிய நிர்வாகம் அந்தப் பெயரை அத்ரியாட்டிக் கடலிலிருந்து டான்யூப் வரை நீட்டிவிட்டது. குரோவேசிய அறிஞர் ரதோஸ்லாவ் கத்திச்சிச் அந்தப் பரப்பின் ஆட்பெயர்களை வகைப்படுத்தியபோது, அவை குறைந்தது மூன்று தனித்தனி வட்டாரங்களாகப் பிரிந்தன. வடக்கு வட்டாரம் இத்தாலியின் வெனேத்தியத்தோடு உறவாடுகிறது. ஒரு காலத்தில் ஐரோப்பா முழுவதும் இல்லிரியத்தைக் கண்ட ஹான்ஸ் கிராஹே பிற்காலத்தில் அந்தக் கொள்கையைத் தாமே கைவிட நேர்ந்தது. இப்படிப்பட்ட ஒரு பெயரைத் தாயாக்குவதென்றால், அதற்கு முன் அந்தப் பெயருக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

மொழிக்குள் படிந்த அடுக்குகள்

இனி அல்பேனியத்தின் உள்ளே பார்ப்போம். 1891-இல் குஸ்டாவ் மேயர் வெளியிட்ட சொற்பிறப்பு அகராதியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தலைச்சொற்கள் இருந்தன. அவற்றுள் இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து வழிவழியாக வந்தவை என்று அவர் உறுதி சொன்னவை ஏறத்தாழ 400 மட்டுமே. நோர்பெர்ட் யோக்ல், எக்ரெம் சாபெய் போன்றோரின் உழைப்பால் பின்னர் அந்தத் தொகை கூடியது என்றாலும், கடன்சொற்களே பெரும்பான்மை என்ற நிலை மாறவில்லை. நூறு என்ற எண்ணுப்பெயரைக்கூட அது லத்தீனிடமிருந்து பெற்றிருக்கிறது. வழிவழி வந்த சொற்களோ உருத்தெரியாமல் தேய்ந்திருக்கின்றன. 'ஜார்பர்' என்றால் பாம்பு. நாம் வடமொழி வழியே அறிந்த 'சர்ப்பம்' அதன் ஒன்றுவிட்ட உறவு என்று பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தோன்றாது. தாயைக் குறித்த பழைய மூலச்சொல் இங்கே 'மோதர்' ஆகி, அக்காள் தங்கையைக் குறிக்கிறது. இவ்வளவு கடன் வாங்கியதைச் சிலர் மொழியின் வறுமையாகக் கண்டார்கள். வரலாற்றாசிரியனுக்கு அதுவே புதையல். ஒவ்வொரு கடன்சொல்லும் எந்த மொழியிலிருந்து, எந்தக் காலத்து உச்சரிப்போடு உள்ளே வந்தது என்பதைத் தன் ஒலியிலேயே பதிந்து வைத்திருக்கிறது.

அடியில் இருப்பது பழங்கிரேக்க அடுக்கு. சொற்கள் மிகச் சில. அவையும் தோட்டம், கருவி சார்ந்தவை. திரிகைக் கல்லைக் குறிக்கும் 'மொகர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இது கருவி என்னும் பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஏதென்ஸிலும் பின்னர் பொதுக் கிரேக்கத்திலும் அந்தச் சொல்லின் முதல் அசை 'மே' என்று நீண்டது. தோரியக் கிளைமொழியில் மட்டும் 'மாகானா' என்று ஆகாரமாக நின்றது. அல்பேனிய வடிவம் அந்த ஆகாரத்திலிருந்துதான் பிறக்க முடியும். ஆக, பொதுக் கிரேக்கம் எங்கும் பரவுவதற்கு முன், தோரியம் பேசியவர்களோடு தொடர்பு இருந்தது. கீரையைக் குறித்த 'லாகனோன்' இங்கே 'லாகர்' என்று முட்டைக்கோஸாகியிருக்கிறது. மேற்குக் கரையில் கிமு 7-ஆம் நூற்றாண்டிலேயே கொரிந்தியர் பங்கோடு நிறுவப்பட்ட எபிதாம்னோஸ், பின்னாளில் துர்ரெஸ் ஆன நகரம், தோரியம் வழங்கிய இடம். தெற்கே எப்பிரஸில் வடமேற்குக் கிரேக்கம் வழங்கியது. கருங்கடல் கரையிலும் தோரியக் குடியேற்றங்கள் இருந்தனவே என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பு. இந்த ஒரு சொல்லால் மட்டும் மேற்கு என்று தீர்ப்பெழுத முடியாதுதான். ஆனால் இந்த அடுக்கு எவ்வளவு மெல்லியது என்பதையும் கூடவே எண்ண வேண்டும். கிரேக்கத்தோடு நெருங்கிப் பழகிய திராசியக் கரையில் இருந்திருந்தால் கிரேக்கச் சொற்கள் கூட்டமாக வந்திருக்கும். வந்தவை கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. கிரேக்க உலகின் ஓரத்தை எட்டித் தொட்டபடி, உள்நாட்டில் வாழ்ந்தவர்களின் மொழி இது.

அடுத்தது லத்தீன் அடுக்கு. கனமானது, பல நூறு சொற்கள் கொண்டது. நண்பனுக்கு 'மிக்', அரசனுக்கு 'ம்ப்ரெத்', மீனுக்கு 'பெஷ்க்' என அன்றாட வாழ்வின் எல்லா மூலைகளிலும் அது புகுந்திருக்கிறது. இவற்றின் பழமையைக் காட்டும் அடையாளம் ஒன்று உண்டு. வானத்தைக் குறிக்கும் லத்தீன் சொல் தொடக்கத்தில் ககர ஒலியோடு 'கைலும்' என்று ஒலித்தது. பிற்கால லத்தீனில் இகர எகரங்களுக்கு முன் நின்ற ககரம் சகரத்தை நோக்கி நகர்ந்தது. ருமேனியத்தில் அது 'செர்' என்று இருக்கிறது. அல்பேனியமோ 'கியெல்' என்று ககரச் சாயலைக் காத்துவைத்திருக்கிறது. நகரத்துக்கான 'கியுதெத்' என்பதும் அப்படியே. எனவே இந்தச் சொற்கள் லத்தீன் அந்த மாற்றத்தை அடைவதற்கு முன்பே, ரோமானிய ஆட்சியின் முதல் நூற்றாண்டுகளில், உள்ளே வந்துவிட்டன. கோயில், பூசை, குருவானவர் போன்ற கிறித்தவச் சொற்களும் பெரும்பாலும் லத்தீன் வழி வந்தவையே. செக் வரலாற்றாசிரியர் கோன்ஸ்தாந்தின் யிரேச்சக் கல்வெட்டுகளை வைத்து, பால்கனில் லத்தீன் வழங்கிய வடபகுதியையும் கிரேக்கம் வழங்கிய தென்பகுதியையும் பிரிக்கும் கோடு ஒன்றை வரைந்தார். அது கல்வெட்டு நகரங்களின் கோடுதான், குடியானவர் நாக்கின் கோடன்று. ஆயினும் அல்பேனியத்தின் முன்னோர் பெரிதும் அந்தக் கோட்டுக்கு வடக்கே, அதற்கு வெகு தொலைவில் இல்லாமல் இருந்தார்கள் என்ற முடிவை இந்த இரு அடுக்குகளின் எடை வித்தியாசம் வற்புறுத்துகிறது.

மூன்றாவது சான்று ருமேனியம். லத்தீனில் இல்லாத, ஆனால் ருமேனியத்துக்கும் அல்பேனியத்துக்கும் பொதுவான எழுபது முதல் நூறு சொற்கள் வரை எண்ணப்பட்டுள்ளன. அடுப்பங்கரை, பால் கறக்க ஆடுகளை ஒவ்வொன்றாக விடும் பட்டி வாசல், முள், குதிரைக்குட்டி, தேவதாரு எனப் பலவும் மேய்ச்சல் வாழ்வின் சொற்கள். அல்பேனியத்தில் 'பார்த' என்றால் வெள்ளை. ருமேனியத்தில் 'பர்ஸ' என்றால் நாரை. பட்டாணிக்கு இங்கே 'மொதுல்', அங்கே 'மாஸெரெ'. வளைக்கரடிக்கு இங்கே 'வியெதுல்', அங்கே 'வியேஸுரெ'. அல்பேனியத்தில் தகரம் வரும் இடத்தில் ருமேனியத்தில் ஸகரம் வருவது தற்செயல் இல்லை. அல்பேனியத்தின் அந்த ஒலி முற்காலத்தில் ஸகரத்தை ஒட்டியிருந்தபோது ருமேனியத்தின் முன்னோர் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், அல்லது அல்பேனியத்துக்கு மிக நெருங்கிய மொழி ஒன்றைக் கைவிட்டு லத்தீனுக்கு மாறியிருக்கிறார்கள். இங்கேதான் டாசியத் தரப்பு தன் வலுவான வாதத்தை வைக்கிறது: ருமேனியா பண்டைய டாசியா; ஆகவே பொதுச் சொற்கள் டாசியம்; ஆகவே அல்பேனியமும் டாசியம். ஆனால் ருமேனியத்தின் முன்னோர் முழுவதும் டான்யூபுக்கு வடக்கேயே இருந்தார்கள் என்பதை ஏற்றால்தான் இந்தச் சங்கிலி நிற்கும். அதுவே வேறொரு தீராத வழக்கு. இரு மேய்ச்சல் குழுக்கள் டான்யூபுக்குத் தெற்கே, இன்றைய தென் செர்பியா, கொசோவோ, வட மாசிடோனியா என்ற நடுப்பகுதியில் கலந்து வாழ்ந்தன என்று கொண்டாலும் சான்றுகள் அனைத்தும் பொருந்துகின்றன. கிரேக்க, லத்தீன் அடுக்குகள் காட்டிய இடமும் அதை ஒட்டியதுதான்.

காலத்தை முடிச்சிட்டுக் காட்டுவது நான்காவது சான்று. ஷ்கும்பின் ஆற்றுக்கு வடக்கே கெக், தெற்கே டோஸ்க் என அல்பேனியம் இரு வட்டார வழக்குகளாகப் பிரிகிறது. உயிரொலிகளுக்கு இடைப்பட்ட னகரம் தெற்கில் ரகரமாகியது: வடக்கில் 'அர்பன்' என்பது தெற்கில் 'அர்பர்'. மேலே கண்ட 'மொகர்', 'லாகர்' இரண்டும் இந்தத் தென்வழக்கு வடிவங்களே; மணலுக்கான லத்தீன் 'அரேனா'வும் தெற்கில் ரகரத்தோடுதான் ஒலிக்கிறது. ஸ்லாவியக் கடன்சொற்களிலோ இந்த மாற்றம் பெரும்பாலும் இல்லை. ஆகவே லத்தீன் சொற்கள் வந்து சேர்ந்த பிறகு, 6, 7-ஆம் நூற்றாண்டுகளில் தொடங்கிய ஸ்லாவியத் தொடர்பு ஆழமாவதற்கு முன், இந்தப் பிளவு நேர்ந்துவிட்டது. ரோமானியக் காலம் முடியும் தறுவாயில் அல்பேனியம் ஏற்கெனவே மேற்குப் பால்கனில் வடக்கு, தெற்கு எனப் பரந்து நின்றது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று தேவையில்லை.

கடலும் ஊர்ப்பெயரும்

இதற்கு எதிராக எழுப்பப்படும் தடைகளுள் இரண்டு தீவிரமானவை. முதலாவது வைகாண்ட் எழுப்பியது: அல்பேனியத்தில் கடல், மீன்பிடி, படகு சார்ந்த சொற்கள் பெரும்பாலும் கடன், கடற்கரையில் வாழ்ந்த இல்லிரியரின் வாரிசுகள் மீனுக்குக்கூட லத்தீனிடம் சொல் வாங்குவார்களா? சாபெய் இதற்கு விடையாக, கடலைக் குறிக்கும் 'தெத்' சொந்தச் சொல் என்று காட்டினார். ஆழம் என்ற பொருளுடைய அடிச்சொல்லோடு அது பொதுவாக இணைக்கப்படுகிறது. ஆனால் விடையின் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. இல்லிரியர் எனப்பட்டோர் எல்லோரும் கடலோடிகள் இல்லை. அவர்களில் பெரும்பகுதியினர் மலைநாட்டார். அத்துடன் திராசியருக்கும் ஈஜியன், கருங்கடல் என இரு கடற்கரைகள் இருந்தன. ஆகவே கடற்சொற்களின் பஞ்சம் இல்லிரியத்துக்கு எதிராகவும் திராசியத்துக்கு ஆதரவாகவும் எதையும் நிறுவவில்லை. ரோமானியக் காலத்தில் இந்த மொழி உள்நாட்டில் வழங்கியது என்பதை மட்டும் நிறுவுகிறது. அதை நாம் மற்ற சான்றுகளிலிருந்து முன்பே கண்டோம்.

இரண்டாவது தடை இன்னும் கூர்மையானது. அண்மைக் காலத்தில் வியன்னாவைச் சேர்ந்த யோவாகிம் மாட்சிங்கர் அதை வலியுறுத்தியுள்ளார். மூலமொழியில் சொல்லின் தொடக்கத்தில் நின்ற 'ஸ்க' என்ற கூட்டொலி அல்பேனியத்தில் ஹகரமாக மாறியது. நிழலைக் குறிக்கும் கிரேக்க 'ஸ்கியா', வடமொழிச் 'சாயா' ஆகியவற்றின் உறவுச்சொல் அல்பேனியத்தில் 'ஹியே'. அப்படியானால் 'ஸ்கோத்ரா' என்ற பண்டைய ஊரின் பெயர் அதே மக்களின் நாவில் இடைவிடாது புழங்கி வந்திருந்தால், ஹகரத்தில் தொடங்கியிருக்க வேண்டும். அது 'ஷ்கோதர்' என்றிருக்கிறது. ஏணிப்படிக்கான லத்தீன் 'ஸ்காலா' இங்கே 'ஷ்கால' ஆனதைப் போல. அதாவது அந்த ஊர்ப்பெயர் கடன்சொல்லாக, லத்தீன் வழியே வந்திருக்கிறது. மறுதரப்பு துர்ரெஸைக் காட்டும்: லத்தீனில் 'தீர்ராகியும்' என இரண்டாம் அசையில் அழுத்தம், அல்பேனியத்தில் முதல் அசையில். லத்தீனைச் சாராத பழைய வழக்கு ஒன்று இதில் எஞ்சியிருக்கிறது என்பது அவர்கள் வாதம். இரண்டையும் ஒருசேர எடைபோட்டால், கரையோர நகரங்களின் சொந்தக்காரர்களாக இல்லாமல், அந்நகரங்களை மலையிலிருந்து அறிந்து, சந்தைக்கும் வரிக்கும் வந்துபோன அண்டைவாசிகளாகவே அல்பேனியத்தின் முன்னோர் தெரிகிறார்கள். மாட்சிங்கரின் வாதம் ஷ்கோதர் நகரத்து இல்லிரியத்தின் நேரடிப் பேரப்பிள்ளை அல்பேனியம் என்ற கூற்றை வீழ்த்துகிறது. ஆனால் அதைக் கொண்டு மொழியைக் கிழக்கே வெகுதூரம் தள்ள முடியாது.

கடலுக்கு அப்பால் ஓர் உறவு

தாயைக் காண இயலாவிட்டாலும் உறவினர் ஒருவரையாவது காட்ட முடியுமா? முடியும் என்றே தோன்றுகிறது. அந்த உறவு இத்தாலியின் குதிகாலில் இருக்கிறது. அங்கே கிமு 6 முதல் 1-ஆம் நூற்றாண்டு வரை மெசாப்பியம் என்ற மொழி வழங்கியது. சுமார் 600 கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. அம்மக்கள் அத்ரியாட்டிக்கைக் கடந்து வந்தவர்கள் என்று பழைய ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். மெசாப்பியத்தில் 'பிலியா' என்றால் மகள். அல்பேனியத்தில் மகளுக்கு 'பிய', மகனுக்கு 'பிர்'. இன்று பிரிந்திசி எனப்படும் துறைமுகத்தின் பழைய பெயர் பிரெந்தெசியோன். மெசாப்பியர் மொழியில் மான்தலைக்கு அந்தப் பெயர் என்று ஸ்திராபோ விளக்குகிறார். நகருக்குள் நீளும் கடலின் இரு கிளைகளை வரைபடத்தில் பார்த்தால் மானின் கொம்புகள் கண்முன் விரியும். அல்பேனியத்தில் கொம்புக்கு 'பிரி'. இதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. லிதுவேனியத்தில் கடமானைக் குறிக்கும் 'பிரியெதிஸ்' என்ற சொல்லும் இதே இனம். எனவே சொல் மெசாப்பியத்துக்கும் அல்பேனியத்துக்கும் மட்டுமே உரியதில்லை. ஆனால் மெசாப்பியம் வாக்கியங்களைக் கொண்ட மொழி. வேற்றுமை உருபும் வினையும் அதில் உண்டு. ஒப்பீடு தவறானால் தவறு என்று காட்டிவிடலாம். ஊர்ப்பெயர் ஒப்பீட்டில் கிடைக்காத சௌகரியம் இது. 2022-இல் ஆதம் ஹில்லெஸ்டெட், பிரையன் ஜோசஃப் ஆகியோர் அல்பேனியத்தையும் மெசாப்பியத்தையும் ஒரு கிளையாக்கி, கிரேக்கத்தை அதன் அடுத்த நெருங்கிய உறவாகக் கொண்டார்கள். எல்லோரும் இதை ஏற்றுவிடவில்லை. வழிவழிச் சொற்கள் குறைவு என்பதால் கணினிவழி மர வரைபடங்களிலும் அல்பேனியம் ஒவ்வொன்றில் ஒவ்வோரிடத்தில் அமர்கிறது. ஆயினும் வாதாடத்தக்க தரவின் மேல் நிற்கும் கருதுகோள் இது ஒன்றே.

மெசாப்பியர் இல்லிரியக் கரையிலிருந்து சென்றவர்கள் என்றால், அல்பேனியம் இல்லிரியம் என்பது சுற்றுவழியில் நிரூபணம் ஆகிவிடாதா? ஆகாது. அந்தக் கரையிலிருந்து சென்ற மொழியும் அல்பேனியமும் உறவு என்பது வரை சொல்லலாம். ரோமானியர் இல்லிரியர் என்றழைத்த அத்தனை பேரும் அம்மொழிதான் பேசினார்கள் என்பதற்கு அது சான்றாகாது. அதே வேளையில், இல்லிரியப் பெயர்களின் ஒலியமைப்பு அல்பேனியத்தோடு ஒத்துவராது என்று சொல்லி உறவை அறுக்கும் வாதமும் தளர்வானதே. 'வெஸ்கிலெவெஸ்' என்ற ஆட்பெயர் அடிக்கடி காட்டப்படும். நற்புகழோன் என்னும் பொருளில் வடமொழி 'வசுசிரவஸ்' என்பதோடு ஒத்தது. வடமொழியில் சகரமாகும் மூல ஒலி இங்கே ககரமாக நிற்கிறது, அல்பேனியத்திலோ அது ககரமாக நிற்பதில்லை என்பது தடை. ஆனால் லகரத்துக்கு முன் வரும்போது அல்பேனியமும் அந்த ஒலியை ககரமாகவே கொண்டிருந்தது. தடை விழுந்துவிடுகிறது, உறவு நிரூபணமும் ஆகிவிடவில்லை.

உரிமைப் பத்திரமாகும் சொற்பிறப்பு

இவ்வளவு மெல்லிய சான்றின் மேல் இவ்வளவு உரத்த பேச்சு எழக் காரணம் மொழியியலுக்கு வெளியே இருக்கிறது. அல்பேனியாவின் கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜாவின் ஆட்சியில் இல்லிரியத் தொடர்ச்சி ஏறத்தாழ அரசுக் கொள்கையாகவே இருந்தது; 1972-இல் திரானாவில் இல்லிரிய ஆய்வு மாநாடு கூடியது; குழந்தைகளுக்கு இலிர், தெவ்தா, அக்ரோன் என்று பண்டைய பெயர்கள் பரவின. எதிர்முனையில், அல்பேனியரைப் பின்னர் வந்தேறியவர்களாகக் காட்டும் எந்தக் கொள்கைக்கும் கொசோவோப் பூசல் சூடேறிய நாள்களில் செர்பியத் தரப்பில் வரவேற்பு கிடைத்தது. ஒரு சொல்லின் வேரை நிலத்தின் பட்டாவாகக் கருதும் பழக்கம் இரு பக்கத்திலும் ஒன்றே. அண்மையில் பண்டை மரபணு ஆய்வுகளையும் இதே வேலைக்கு இழுக்கிறார்கள். மேற்குப் பால்கனின் வெண்கல, இரும்புக் காலத்தவரோடு இன்றைய அல்பேனியருக்குக் கணிசமான மரபணுத் தொடர்ச்சி இருப்பது உண்மையே. ஆனால் எலும்பு தன் மொழியைச் சொல்லாது. ரோமானியர் ஆண்ட நூற்றாண்டுகளில் இதே பால்கனில் எத்தனையோ குடிகள் இடம் பெயராமலே லத்தீனுக்கு மாறினார்கள். மரபணு சொல்வது மனிதர் வந்துபோன கதை. மொழி மாறிய கதையை அது தனியாகச் சொல்ல முடியாது.

சான்றுகளின் அளவுக்கு மிகாமல் சொல்வதென்றால் இவ்வளவு சொல்லலாம். அல்பேனியம் பால்கனின் பழைய மொழிகளுள் ஒன்றின் நேரடித் தொடர்ச்சி. கிறித்து பிறந்த காலத்தை ஒட்டிய நூற்றாண்டுகளில் அது கிரேக்க உலகின் வடமேற்கு ஓரத்தைத் தொட்டபடி, லத்தீன் வட்டத்துக்குள், கடலிலிருந்து சற்று விலகிய மலைநாட்டில், ருமேனியத்தின் முன்னோருக்கு அண்டையில் வழங்கியது. அதன் நெருங்கிய உறவாகக் காட்டத்தக்கது மெசாப்பியம். இந்தச் சுயவிவரத்துக்கு 'இல்லிரியம்' என்ற பெயர், இடத்தைக் குறிக்கும் தளர்வான பொருளில், 'திராசியம்' என்பதை விட நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அது நாம் ஒட்டும் பெயர்ச்சீட்டு மட்டுமே. வினையோடு கூடிய இரண்டு வாக்கியங்கள் கொண்ட உண்மையான இல்லிரியக் கல்வெட்டு ஒன்று நாளை கிடைத்தால் இந்த முடிவுகளில் சில மாறலாம். அது கிடைக்கும்வரை, மெசாப்பியக் கல்வெட்டுகளின் இலக்கணத்தையும் அல்பேனிய வட்டார வழக்குகளின் சொல்வளத்தையும் நுணுகிப் படிப்பதில் செலவிடும் ஒரு மணி நேரம், ஊர்ப்பெயர்களுக்குப் பொருள் கற்பிப்பதில் செலவிடும் ஓராண்டை விட இந்த வழக்குக்கு அதிகம் பயன்தரும்.